சித்தப்பாவின் மட்டைகளை வெட்டிய வருஷம்

நம் வயதுக்காரர்களில் பெரும்பாலோருக்கு கோல்ஃப் என்பது பஸ் ஜன்னலில் இருந்து பார்த்த ஆட்டம். மரங்களுக்கு நடுவே பச்சையாக ஒரு பரப்பு தெரியும். வெள்ளைத் தொப்பி போட்ட யாரோ ஒருவர் கால்களை அகட்டிக் குனிந்து நிற்பார். அவர் அடிப்பதற்குள் பஸ் தாண்டிவிடும். பந்து எங்கே போயிற்று என்று நாம் யாரும் கவலைப்பட்டதில்லை.

எங்கள் வீட்டில் மட்டும் ஒரு பை நிறைய அந்த மட்டைகள் இருந்தன. சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு, அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அங்கே கோல்ஃப் மட்டைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அவை சித்தப்பாவுடையவை. ஒரு வருஷம் மட்டுமே முழுசாக இருந்தன. பிறகு அவை கெட்டுப்போனதற்கு நான்தான் காரணம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லக் கூடாத காலம் ஒன்று இருந்தது. இப்போது அது முடிந்துவிட்டது.

போன மாதம் பேரன் என்னைக் கொட்டிவாக்கத்தில் ஒரு கடைக்கு அழைத்துப் போனான். கோல்ஃப் மட்டைகளை ஆளுக்குத் தகுந்தபடி சரி செய்து கொடுக்கிற கடை. ஏ.சி. போட்டு, வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். பேரனுடைய மட்டையின் தண்டு ரொம்ப வளைகிறதாம், கொஞ்சம் விறைப்பாக வேண்டுமாம். கடைக்காரப் பையன் தண்டைக் கவ்வியில் பிடித்துவிட்டு, "முனையில கட் பண்ணா ஸ்டிஃப் ஆயிடும் ப்ரோ. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிச்சுக்கங்க, கட் பண்ணா பண்ணதுதான்" என்றான். பிறகு சக்கரம் சுழன்றது. எஃகு சூடாகும் வாசனை வந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, ஈ.சி.ஆர். வெயிலில் நின்றேன். பேரன் பயந்துபோய் பின்னாலேயே ஓடி வந்தான். தலை சுற்றுகிறது என்று சொல்லிவைத்தேன்.

சித்தப்பா ஒரு கிளப்பில் குமாஸ்தா. பெரிய பெரிய கம்பெனி அதிகாரிகள் மாலையில் வந்து ஆடுகிற கிளப். திங்கட்கிழமை மத்தியானம் மைதானம் காலியாகக் கிடக்கும், அன்றைக்கு மட்டும் சிப்பந்திகள் ஆடலாம். மற்றவர்கள் விளையாட்டாக ஆடினார்கள். சித்தப்பா மட்டும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் தன் பழைய மட்டைப்பையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். சித்தப்பா அதை ரிக்ஷாவில் ஏற்றி, தான் பக்கத்தில் நடந்து வந்தார்.

அம்மா முதல் நாளே முகத்தைச் சுளித்தாள். ஒற்றை ஆளுக்கு இத்தனை கம்பு எதற்கு என்றாள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் பை நின்றது. தோல் பை. அதைத் திறந்தால் வரும் வாசனையை என்னால் இப்போதும் சொல்ல முடியும்: பழைய செருப்பு, காய்ந்த புல், கொஞ்சம் தேங்காய் எண்ணெய்.

அந்த மட்டைகளில் ஒரு குறை இருந்தது. வெள்ளைக்காரர் வயதானவர், மெதுவாக வீசுகிறவர். அவருக்கென்று செய்த தண்டுகள் இளக்கமாக இருந்தன. சித்தப்பாவுக்கு நல்ல புஜம். அவர் வீசினால் தண்டு சாட்டை மாதிரி வளைந்து, பந்தில் படுகிற மட்டைத்தலை முந்திக்கொண்டு வந்து, பந்தை இடப்பக்கம் தள்ளிவிடும். புதுத் தண்டு வாங்க வழியில்லை. அதனால் இருப்பதையே முனையில் வெட்டி, வளையாதபடி முறுக்கேற்றுவது என்று முடிவு செய்தார்.

சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பாய் லேத் பட்டறை வைத்திருந்தார். பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் நானும் போவேன். முதலில் தலையின் கழுத்தைச் சூடு காட்டித் தண்டிலிருந்து உருவ வேண்டும். பிறகு தண்டின் மெல்லிய முனையில், தலை ஏறுகிற பக்கம், ஒரு சிறு வளையம் அளவு வெட்ட வேண்டும். வெட்டிய இடம் முன்னைவிடத் தடித்திருக்கும் என்பதால் கழுத்துத் துளையை ஒரு மயிரிழை அகலப்படுத்தி மறுபடி தலையைப் பொருத்த வேண்டும். அதோடு முடியாது. திங்கட்கிழமை மைதானத்தில் அடித்துப் பார்த்து, போதவில்லை என்றால் மறுபடியும் பட்டறைக்கு வருவார். பாய்க்கு அது வேடிக்கை.

"இன்னா சார் இது, அரிசி மாதிரி துண்டு வெட்டச் சொல்ற. இதுக்கு ஒரு லேத்து, ஒரு ஆளு. ஒரேயடியா வெட்டிக்கினு போய்ட்டா இன்னா?"

"வெட்டினதை உன்னால ஒட்ட முடியுமா பாய்?"

"அல்லாவாலதான் முடியும்."

"அப்ப அரிசி மாதிரியே வெட்டு."

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா தலையில்லாத தண்டை மேசை விளிம்பில் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, வெளியே நீட்டியிருக்கும் முனையை விரலால் தட்டிவிடுவார். தண்டு துடிக்கும். நாம் வகுப்பில் மர ஸ்கேலை வைத்துச் செய்வோமே, அதே மாதிரி. இளக்கமான தண்டு சோம்பலாக ஆடும். முறுக்கேறிய தண்டு வண்டு மாதிரி ரீங்கரிக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். என்னையும் கேட்கச் சொல்வார். எது கடினம் எது இளக்கம் என்று நான் சரியாகச் சொன்னால் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். வெட்டிய வளையங்களை என்னிடம் கொடுத்துவிடுவார். நான் அவற்றை விரல்களில் மோதிரமாகப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

அப்போது அவர் சொன்னது இது. "மேல, பிடிக்கிற பக்கம் வெட்டினா குட்டையாகும். கீழ, தலைப் பக்கம் வெட்டினா முறுக்கேறும். எங்க வெட்டினாலும் திரும்பத் தளராதுடா ராஜா. அதான் பயந்து பயந்து வெட்டறேன்."

ஆவணி வாக்கில் பை தயாராகிவிட்டது. அந்த கிளப்பில் ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற கிழவர் வருஷக் கடைசியில் ஓய்வு பெறப் போகிறார் என்றும், அந்த இடத்துக்குச் சித்தப்பாவைப் பார்க்கலாம் என்று செக்ரட்டரி வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார் என்றும் அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். குமாஸ்தா நாற்காலியை விட்டு மைதானத்துக்குப் போவது. சித்தப்பாவுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பெண் பார்க்கலாம் என்று அம்மா பேச்செடுத்தால்கூட, அந்த வேலை கிடைக்கட்டும் அண்ணி என்பார்.

பிறகு இருமல் வந்தது. கைக்குட்டையில் ரத்தம் வந்தது. தாம்பரத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் நம் வீடுகளில் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய தட்டையும் டம்ளரையும் அம்மா வெந்நீரில் கொதிக்கவைத்துப் பரணில் போட்டாள். மழை ஈரத்தில் ஆடி ஆடித்தான் நெஞ்சில் சளி கட்டியது என்றாள். பையை மட்டும் யாரும் தொடவில்லை. நான் தொட்டேன். யாரும் இல்லாதபோது ஒரு மட்டையை உருவி, என் உயரத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் அதை வீசிப் பார்ப்பேன்.

கிறிஸ்மஸ் விடுமுறையில் அந்த கிளப்பில் பிள்ளைகளுக்கு ஒரு ஆட்டம் நடக்கும். சிப்பந்திகளின் வீட்டுப் பிள்ளைகளும் சேரலாம். என் வகுப்பில் ஒரு பையன், அவன் அப்பா அங்கே உறுப்பினர். அவனுக்குச் சின்ன மட்டைகள் கப்பலில் வந்திருந்தன. நான் ஆட மாட்டேனா என்று எல்லோர் எதிரிலும் கேட்டான். எங்கள் வீட்டில் ஒரு பை நிறைய இருக்கிறது, வெட்டிக் குட்டையாக்கிக்கொண்டு வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவிடம் கேட்டேன். அப்பா பிறர் பொருளைத் தொடாதவர், தம்பியுடையதாக இருந்தாலும். ஆனால் பையன் நாலு பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளைகளோடு ஆடுவதில் அவருக்கும் உள்ளூர ஓர் ஆசை இருந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தாம்பரத்துக்குப் போகும்போது சொன்னார்: "நீயே கேளு. அவன் வாயால சரின்னு சொன்னா பார்க்கலாம்."

பிள்ளைகளை வார்டுக்குள் விட மாட்டார்கள். அப்பா டாக்டரைப் பார்க்கப் போனார். நான் வேப்பமரத்தடியில் நின்றேன். சித்தப்பா மேலே வராந்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெலிந்திருந்தார், ஆனால் முகம் தெளிந்திருந்தது. பினாயில் வாசனை கீழே வரைக்கும் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டார்: "மட்டையெல்லாம் எப்படிடா இருக்கு?"

நன்றாக இருக்கின்றன என்றேன்.

"கடல் காத்துல துரு பிடிச்சுடும். வாரம் ஒரு தடவை எண்ணெய்த் துணியால தொடைச்சு வை. பொங்கலுக்கு முன்னாடி அனுப்பிடறேன்னு டாக்டர் சொல்லிட்டாரு." பிறகு பக்கத்தில் சாத்தியிருந்த கொசுவலைக் கழியை எடுத்து, மட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக் காட்டினார். மெதுவாக வீசினார். கழி நுனி காற்றில் ஒரு வட்டம் போட்டது. இரண்டாவது முறை வீசுவதற்குள் மூச்சு வாங்கியது. சிரித்துக்கொண்டே கழியை வைத்துவிட்டார்.

நான் கேட்கவில்லை. அப்படிப் பிடித்துக் காட்டிய மனிதரிடம் எப்படிக் கேட்பது?

திரும்பி வரும்போது மின்சார ரயிலில் அப்பா, "கேட்டியா?" என்றார்.

"கேட்டேன். எடுத்துக்கச் சொன்னாரு. இனிமே எனக்கு எதுக்கு, வெட்டிக்கோன்னாரு."

கடைசி வாக்கியத்தை ஏன் சேர்த்தேன் என்று இத்தனை வருஷமாக யோசித்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் அப்பா நம்ப மாட்டார் என்று தோன்றியது, அவ்வளவுதான். குழந்தைகள் பொய்க்கு வலுச் சேர்ப்பது அப்படித்தான். பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை.

அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். பரங்கிமலை தாண்டும் வரை துடைத்துக்கொண்டே இருந்தார். உடம்பு தேறுகிறது என்றுதான் டாக்டர் அவரிடமும் சொல்லியிருந்தார். ஆனால் டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள், நோயாளிக்குத் தன் உடம்பு தெரியும் என்று அப்பா எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அவனுக்கே தெரிஞ்சுபோச்சு" என்றார். அம்மா மாதா படத்தின் முன் போய் உட்கார்ந்தாள். நான் பக்கத்து அறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தேன். அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம்.

அப்பா மட்டைகளை வெட்டியதை நினைத்தால் எனக்கு இன்னும் தாங்கவில்லை. அவ்வளவு பக்தியோடு வெட்டினார். என்னை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து தரை வரைக்கும் அளந்தார். பென்சிலால் கோடு போட்டார். தண்டில் கீறல் விழாமல் இருக்கக் கைக்குட்டையைச் சுற்றிக் கவ்வியில் பிடித்தார். பிடியை உரித்து, மேல் பக்கம் ஒரு முழத்துக்குக் குறையாமல் ரம்பத்தால் அறுத்தார். குட்டையானால் லேசாகிவிடும், பையனுக்குச் சுலபமாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். ரம்பம் எஃகில் போகிற சத்தத்துக்கு எதிர்வீட்டு நாய் ஊளையிட்டது. மிஞ்சிய குழாய்த் துண்டுகளில் நல்லதாக ஒன்றை அம்மா அடுப்படிக்கு எடுத்துக்கொண்டாள். பழைய ஊதுகுழல் ஓட்டையாகிவிட்டிருந்தது.

அந்த வாரமே அப்பா கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு கிளப்புக்குப் போனார். தம்பிக்காக அந்த இடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், நடக்காத காரியத்துக்காக ஒருவரைக் காக்க வைப்பது நியாயமில்லை என்றார். செக்ரட்டரியிடம், என் தம்பி மட்டைகளைக்கூடப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டான், நீங்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். நேர்மையான மனிதர். நேர்மையாகவே தன் தம்பியின் வேலையைக் கொண்டுபோய் வேறொருவரிடம் கொடுத்தார்.

ஆட்டத்தன்று என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. அந்த மட்டைகளை என்னால் வீசவே முடியவில்லை. சித்தப்பா தன் புஜத்துக்கென்று ஏற்கெனவே முறுக்கேற்றிய தண்டு, அதைக் குட்டையாக்கியதும் கடப்பாரை ஆகிவிட்டது. தலையின் கனம் குறையவில்லை, தண்டு துளியும் வளையவில்லை. பந்தில் பட்டால் அடி முழுவதும் என் உள்ளங்கைக்கு வந்தது. பெரும்பாலும் பந்தில் படவே இல்லை. மட்டை தூக்கும் ஆட்களின் தலைவர் ஓரத்தில் பீடியைக் காதில் செருகிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா நைனா, கெணறு தோண்டிக்கினு கீறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என் கையிலிருந்த மட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவருடைய சிரிப்பு போய்விட்டது.

"இது உங்க சித்தப்பா குச்சியாச்சே. வெட்டிட்டீங்களா? அவரு வந்தா இன்னாத்த வெச்சு ஆடுவாரு?"

"அவர் வரமாட்டார்" என்றேன்.

அவர் மட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நான் கையில் கொப்புளத்தோடு வீட்டுக்கு வந்து, பையை இடுக்கில் வைத்தேன். அதன்பின் அதை எடுக்கவில்லை.

பொங்கலுக்கு முன்பே சித்தப்பா வந்துவிட்டார். டாக்டர் சொன்னது சொன்னபடியே நடந்தது. கன்னம் சற்று உப்பியிருந்தது. அப்பா அவரைக் கட்டிக்கொண்டு குலுங்கியதைப் பார்த்து, செத்துப் பிழைத்து வந்தவன் மாதிரி ஏன் அண்ணா அழறே என்று சிரித்தார். நேராக அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் காபி கேட்டார். விறகு புகைந்துகொண்டிருந்தது. ஊதுகுழலை எடுத்து வாயில் வைத்தார்.

"நீங்க ஊதாதீங்க தம்பி, நெஞ்சுக்கு ஆகாது" என்று அம்மா பிடுங்கப் போனாள்.

அவர் கொடுக்கவில்லை. குழலை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தார். ஒரு முனை அகலம், மறுமுனை கொஞ்சம் ஒடுக்கம், நடுவில் படிப்படியாக மெலிகிற இடத்தில் வளையக் கோடு. அந்தத் தண்டுகளில் மட்டும் இருக்கிற கோடு. கட்டை விரலால் அதைத் தடவினார். பிறகு அலமாரி இடுக்கைத் திரும்பிப் பார்த்தார்.

அப்பாதான் பேசினார். "நீதானேடா பையன்கிட்ட எடுத்துக்கச் சொன்னே. இனிமே எதுக்குன்னு சொன்னியாம். அதைக் கேட்டப்புறம்தான் நான் செக்ரட்டரியப் போய்ப் பார்த்தேன். வேற ஆளப் போட்டுக்குங்கன்னு நானே சொல்லிட்டு வந்தேன்."

அம்மா காபிக்கு வைத்திருந்த பால் பொங்கி வழிந்தது. அடுப்பில் சொய்யென்று சத்தம். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சித்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பாவைத்தான் வெகுநேரம் பார்த்தார்.

"ஆமா அண்ணா. நான்தான் சொன்னேன்" என்றார்.

குழலை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, காபியில் சர்க்கரை குறைவாகப் போடச் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலம் கடற்கரைக்கு என்னை மட்டும் அழைத்துப் போனார். அடி விழும் என்று நினைத்தேன். மணலில் உட்கார்ந்து என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். கொப்புளம் ஆறி, தோல் உரிந்திருந்தது. "கம்பி மாதிரி இருந்திருக்குமே" என்றார். நான் தலையாட்டினேன். "எங்கிட்டயே கேட்டிருக்கலாம்ல. உனக்குன்னு ஒண்ணாவது இளக்கமா செஞ்சு குடுத்திருப்பேன்." அவ்வளவுதான்.

அவர் மறுபடி அதே குமாஸ்தா நாற்காலிக்குப் போனார். ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். திங்கட்கிழமை மைதானத்துக்குப் போவதில்லை. அந்த ஊதுகுழல், காஸ் அடுப்பு வருகிற வரைக்கும் எங்கள் வீட்டில் இருந்தது. அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் தினமும் காபி குடித்தார்.

நான் வெகுகாலம், என்னை அடியிலிருந்து காப்பாற்றத்தான் அவர் அந்தப் பொய்யைச் சொன்னார் என்று நினைத்திருந்தேன். எனக்கே பிள்ளைகள் பிறந்து, அவர்கள் விஷயத்தில் நானும் நல்லது என்று நினைத்துச் சில தவறுகள் செய்த பிறகுதான் தெரிந்தது. அவர் என்னைக் காப்பாற்றவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உயிரோடு இருந்த தம்பியைத் தானே புதைத்துவிட்டு வந்தோம் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அப்பா அதைத் தாங்கியிருக்க மாட்டார்.

அதனால் என்னால் அப்பாவிடம் சொல்லவே முடியாமல் போயிற்று. பல முறை வாய் வரை வந்திருக்கிறது. நான் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பாவசங்கீர்த்தனம் செய்த மாதிரி லேசாகிவிடுவேன், சித்தப்பா தன் வேலையை விலையாகக் கொடுத்து வாங்கிய அப்பாவின் தூக்கம் போய்விடும். வயதான காலத்தில் அப்பா, விருந்தினர் யாராவது வந்தால், என் தம்பி மாதிரி மனசு யாருக்கு வரும், தான் பிழைக்க மாட்டோம் என்று தெரிந்ததும் ஆசை ஆசையாகச் செய்த மட்டைகளைப் பிள்ளைக்குக் கொடுத்தான் என்று சொல்வார். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவேன்.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு, சித்தப்பாவை அவருடைய திருவான்மியூர் வீட்டில் விட நான்தான் கார் ஓட்டிப் போனேன். அவரும் கிழவராகிவிட்டிருந்தார். அடையாறு பாலத்தில் நெரிசலில் வண்டி நின்றபோது, "சித்தப்பா, அந்த மட்டை விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"அண்ணன் நிம்மதியாப் போனாரு. விடு" என்றார்.

வண்டி நகர்ந்தது. பஸ் டெப்போ தாண்டியதும் அவரே மறுபடி பேசினார்.

"அதுக்கப்புறம் நீ ஆடவே இல்லையே, ஏன்டா?"

"தோணல சித்தப்பா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தண்டைத் தட்டினா சத்தத்த வெச்சே சரியா சொல்லுவ. அந்தக் காது எனக்குக்கூட இல்ல. எனக்கு அந்த வேலை கிடைச்சிருந்தா, மொத ஆளா உனக்குத்தான் சொல்லிக்குடுக்கணும்னு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு நெனைச்சுக்கிட்டிருந்தேன்."